பஜார் தெருவில் ஒன்பது பேனர்

"ஒண்ணுமே பண்ணல நௌஷீன். அதுவா ஸ்லோ ஆயிடுச்சி."

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சொல்லும் பொய்களிலேயே மூத்த பொய் இதுதான். கம்ப்யூட்டர் என்ன ஜாடியில் போட்ட புளியா, வைத்த இடத்திலேயே தானாகக் கறுத்துப் போக? யாரோ எதையோ நோண்டியிருப்பார்கள். நோண்டியவர்தான் முதல் ஆளாக வந்து நின்று, தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். நௌஷீன் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். ஆனாலும் சொன்னது கூடப் பிறந்தவன் என்பதால் அன்றைக்கு நம்பித் தொலைத்தாள்.

அண்ணன் அப்ராருக்கு முப்பத்திரண்டு வயசு. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த 'ஃபைன் சிஸ்டம்ஸ்' பிரவுசிங் சென்டருக்கு முதலாளி. முதலாளி வேலை என்னவென்றால், பதினோரு மணிக்குக் கூலிங் கிளாஸோடு படியேறி வருவது, சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றுவது, செல்போனைக் காதில் வைத்தபடியே கீழே டீக்கடைக்கு இறங்கிப் போவது. காலை எட்டு மணிக்குக் கடையைத் திறப்பதும், டோக்கன் போடுவதும், வைரஸ் அடிப்பதும், பிரிண்டரில் சிக்கிய பேப்பரைப் பல்லைக் கடித்துக்கொண்டு உருவுவதும் தங்கை நௌஷீன். அவளுக்கு இருபத்து நாலு வயசு, பி.சி.ஏ. படித்தவள். கடைச் சாவி மட்டும் அண்ணன் பாக்கெட்டில் இருக்கும். தினமும் காலையில், தான் தங்கியிருந்த அண்ணன் வீட்டில், அவன் தூங்கி எழும்வரை காத்திருந்து அதை வாங்கிக்கொண்டு வரவேண்டும். இரண்டு வருஷமாக அவளுக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் வயிறு எரிந்தது.

பிரவுசிங் சென்டர் என்று போர்டில் போட்டிருந்தாலும் கூட்டம் வந்தது ஒரு ஆட்டத்துக்கு. பெரிய அமெரிக்க நகரம் ஒன்றில் இஷ்டத்துக்கு வண்டி ஓட்டித் திரிகிற ஆட்டம் அது. பக்கத்து ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்த அன்புசெல்வன் அதன் வயிற்றைக் கிழித்து, அமெரிக்காவை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியை உள்ளே வைத்துத் தைத்திருந்தான். இப்படி அறுத்து ஒட்டுவதற்கு மாட் போடுவது என்று பெயர். ரயில்வே கேட், ஜி.என்.டி. ரோடு, பஜார் தெரு, சிப்காட், பச்சை பஸ் எல்லாம் இருந்தன. ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் நேராக இங்கே வந்து, காசு கொடுத்து உட்கார்ந்து, தாங்கள் அப்போதுதான் விட்டுவந்த கம்பெனி கேட் வரைக்கும் பஸ் ஓட்டிப் போய், ஹாரன் அடித்துவிட்டுத் திரும்புவார்கள். இதில் என்ன சுகம் என்று நௌஷீனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் ஆறு மெஷினும் நிறைந்திருந்தன, அவள் எதற்குக் கேட்கப்போகிறாள்?

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஆட்டம் முக்க ஆரம்பித்தது. பஸ் ஹைவேயில் நன்றாகப் போகும். பஜார் பக்கம் திரும்பினதும் திக்கித் திணறி, நின்று, ஒரு அடி நகர்ந்து, மறுபடி நின்று உயிரை வாங்கும். வாடிக்கைக்காரர்கள் மௌஸைத் தட்டினார்கள், மானிட்டரைத் தட்டினார்கள், பிறகு எழுந்து போனார்கள். மூன்று வாரத்தில் பாதி நாற்காலி காலி.

விஷயம் பழவேற்காட்டுக்கு எட்டியது. அங்கே அவர்கள் வாப்பா சலாஹுதீன் இறால் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கடைக்கு முதல் போட்டவர் அவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே நௌஷீனுக்குப் போன் செய்தார்.

"இன்னாம்மா, மெஷின்லாம் படுத்துடுச்சாமே? வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டு நானே வர்றேன், கண்ணால பாக்கறேன். ஓடலன்னா மூடிடுவோம். அப்ரார் அங்கயே செல்போன் கடை வச்சிக்கட்டும். நீ ஊட்டுக்கு வந்துடு."

"ஓடிச்சின்னா வாப்பா?"

"ஓடிச்சின்னா இன்னா, அப்ரார் நடத்துவான்."

ஓடினால் அவனுக்கு, ஓடாவிட்டாலும் அவனுக்கு. எப்படிப் பார்த்தாலும் அவள் அதில் இல்லை. நௌஷீனுக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

"நான் ஓட வச்சிட்டா நான்தான் நடத்துவேன் வாப்பா. சாவி என்கிட்ட இருக்கணும்."

மறுமுனையில் யாரோ இறால் எடை போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். வாப்பா அவர்களை அதட்டிவிட்டுத் திரும்பப் போனுக்கு வந்தார்.

"மொதல்ல என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டு. அப்பால பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

அவர் அவ்வளவு சொன்னதே பெரிய விஷயம். நௌஷீன் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கப் போனாள். அதற்குள் அப்ரார் குறுக்கே வந்தான். பொம்பளைப் பிள்ளை மெஷினைப் பிரிப்பது அவனுக்கு அசிங்கமாம். அன்றைக்கே வேப்பம்பட்டிலிருந்து கோபால் என்று ஒரு நிபுணரை வரவழைத்தான். கழுத்தில் டை, இடுப்பில் மூன்று ஸ்க்ரூ டிரைவர். இரண்டு ரயில் மாறி வந்த களைப்பு தீர டீ குடித்துவிட்டு, ஆட்டத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஹீட்டு சார்" என்றான்.

எல்லா மெஷினின் பக்கத்துத் தகட்டையும் கழற்றி டேபிள் ஃபேனை எதிரே வைத்தான். தூசி பறந்து எல்லாரும் தும்மினார்கள், ஆட்டம் அப்படியே முக்கியது. உடனே "வோல்டேஜு" என்றான். அடுத்து ரேம் அட்டையைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் காலைத் தேய்தேய் என்று தேய்த்துத் திரும்பச் சொருகினான். ஆட்டம் அப்போதும் முக்கியது. கடைசியில் கைகண்ட மருந்தை எடுத்தான். இரண்டு மெஷினை ஃபார்மட் அடித்தான், அதோடு ஒரு வாடிக்கைக்காரர் அதில் வைத்திருந்த வேலை விண்ணப்பமும் சேர்ந்து ஒழிந்தது. ஃபார்மட் ஆன மெஷினில் பழையபடி அன்புசெல்வனின் மாட்டை ஏற்றினார்கள். பஸ் அதே இடத்தில் போய் அதே மாதிரி நின்றது.

"கேம்ல தான் பிராப்ளம்" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுக் கோபால் நாலு மணி ரயிலைப் பிடித்தான். அதைச் சொல்ல வேப்பம்பட்டிலிருந்து ஆள் வரவேண்டுமா? பாத்திரக் கடையில் குண்டான் அடுக்குகிற ஆள்கூடச் சொல்லியிருப்பான்.

"ஆளு சரியில்ல" என்றான் அப்ரார். "மெட்ராஸ்லேர்ந்து வேற ஆளக் கொண்டாறேன்."

"ஒரு மயி... ஒரு ஆளும் வேணாம்ணே. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. பெருநாள் சமயத்துல இதுல எதனா புதுசா போட்டீங்களா?"

"எத்தினி வாட்டி கேப்ப? ஒண்ணுமே போடல. அன்புவக் கேளு."

"நான் எதுவும் தொடல மேடம்" என்றான் வேடிக்கை பார்க்க வந்து நின்ற அன்புசெல்வன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

புதன்கிழமை காலையில் அவள் முறையாக ஆரம்பித்தாள். திரையில் ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வருகிறது என்று மூலையில் எண் காட்டும் குட்டி சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினாள். ஹைவேயில் முப்பத்தெட்டு. சிப்காட் கேட்டில் முப்பத்தைந்து. ஸ்டேஷனில் முப்பத்தாறு. பஜார் முனையில் மூன்று. மூன்று! கல்யாண ஆல்பம் புரட்டுகிறவர்கள்கூட அதைவிட வேகமாகப் புரட்டுவார்கள். பச்சை பஸ்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தாள், ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுப் பார்த்தாள், மரங்களை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மூன்று மூன்றாகவே இருந்தது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி அடித்துக்கொண்டே வந்தாள். எண் மூலையில்தான் தெரியும் என்பதால் அவள் கண்ணும் மூலையிலேயே இருந்தது. பஜார் முனையில் ஆட்டம் உறைந்ததும் சலித்துப்போய் மூடிவிடுவாள். அதைத் தாண்டி உள்ளே போய் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. பின்னால் இதை நினைத்துத் தன்னையும் நாலு திட்டு திட்டிக்கொண்டாள்.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து மோசஸ் வந்தார். இரும்புக் கம்பெனி ஒன்றில் வேலை, நாற்பது வயசு, இன்னும் விட்டுப் போகாத ஒருசில விசுவாசிகளில் ஒருவர். மூன்றாவது மெஷினில் உட்கார்ந்து பச்சை பஸ்ஸை எடுத்தார். பஜார் முனை வந்ததும் பஸ்ஸை வாகாகத் திருப்பி, பின்பக்கமாகவே தெருவுக்குள் விட்டார். மூலையில் எண் முப்பத்தேழு.

நௌஷீன் டோக்கனைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாண்ணே, ரிவர்ஸ்லயே போறீங்க?"

"இப்டிப் போனாதான் மேடம் உள்ள போவ முடியும். நேராப் போனா அங்கியே நின்னுக்கும். பின்னால போனா சர்ருனு போவுது. இப்ப எல்லாருமே அப்டிதான் ஓட்டிக்கினு இருக்கோம்."

"எப்பலேர்ந்து?"

"பெருநாள்லேர்ந்து. அண்ணன் பேனர் வச்சாரே, அப்பலேர்ந்து."

"எந்த அண்ணன்? இன்னா பேனர்?"

மோசஸ் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஒங்களுக்குத் தெரியாதா மேடம்?"

பின்பக்கமாகப் போனால் திரை வந்த வழியையே பார்த்திருக்கும், தெரு முதுகுக்குப் பின்னால் போய்விடும். தெருவைப் பார்க்காதவரை ஆட்டம் ஓடுகிறது, பார்த்தால் சாகிறது. அப்படியானால் பார்க்கக்கூடாத ஏதோ ஒன்று தெருவில் இருக்கிறது. நௌஷீன் அவர் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பஸ்ஸை நேராக விட்டாள். இந்தமுறை திணறினாலும் விடவில்லை. ஒவ்வொரு அடியாக, மென்று விழுங்கி, உள்ளே போனாள்.

முதல் பேனர் வந்தது. மூன்று மாடி உயரம். கூலிங் கிளாஸ், வெள்ளைச் சட்டை, காதில் செல்போன், உதட்டில் தேசத்தைக் காப்பாற்றப் போகிற சிரிப்பு. 'கும்மிடியின் விடிவெள்ளியே! இளைஞர்களின் இதயத் துடிப்பே! அப்ரார் பாய் அவர்களே, வருக வருக!' கீழே வரிசையாகப் பன்னிரண்டு அன்புத் தம்பிகளின் மூஞ்சி. அந்தத் தம்பிகளில் ஒருவரையும் கும்மிடிப்பூண்டியில் யாரும் பார்த்ததில்லை. எல்லாம் அன்புசெல்வன் பழைய காதுகுத்து, மஞ்சள் நீராட்டுப் பேனர்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. இரண்டாவது பேனரில் விடிவெள்ளி பைக்கில் சாய்ந்திருந்தது. மூன்றாவதில் கைகூப்பியது. இப்படித் தெரு முடிகிறவரை ஒன்பது.

நௌஷீனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஃபேனும் ரப்பரும் ஃபார்மட்டும் நடந்தபோது பக்கத்திலேயே நின்று, "ஒண்ணுமே பண்ணல" என்று சத்தியம் செய்தானே, அந்த வாயைத் தைக்க வேண்டாமா?

ஏன் ஒளித்தான் என்பதும் அவளுக்கு உடனே விளங்கியது. படம் தொங்கும் வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பது வாப்பாவின் உறுதி. சோப்பு டப்பாவில் ஒரு பெண் சிரித்தால்கூட அதன் மேல் விலைச்சீட்டை ஒட்டிவிடுவார். அப்ராரின் கல்யாண ஆல்பமே பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. ஆனால் பஜாரில் பார்த்தால் யார் மூஞ்சிதான் தொங்கவில்லை? கறிக்கடைக்காரர் தொங்குகிறார், கேபிள்காரர் தொங்குகிறார், மூன்றுமாசக் குழந்தை தொங்குகிறது. அப்ராருக்கும் ஆசை அரித்திருக்கிறது. நிஜ பஜாரில் கட்டினால் வாப்பா காதுக்குப் போய்விடும். ஆகவே வாப்பா எந்தக் காலத்திலும் எட்டிப் பார்க்காத பஜாராகப் பார்த்துக் கட்டிக்கொண்டான்.

அவள் நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் அன்புசெல்வனைப் பிடித்தாள். அந்த ஒன்பது படத்தையும் எந்த அளவில் போட்டாய் என்று கேட்டாள்.

"பிரிண்டுக்குப் போற சைஸு மேடம்" என்றான் அவன். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அந்த கேம் எடுத்துக்கற வரைக்கும் ஃபுல்லா வச்சேன். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம்."

"பஸ்ஸுக்கு இன்னா சைஸு போட்ட?"

"எரநூத்தி அம்பத்தாறு."

"ஏன்டா, மொத்த பஸ்ஸே அதுல அடங்குது. எங்க அண்ணன் மூக்குக்கு மட்டும் நாலாயிரமா? ஒரு பேனரே கிராபிக்ஸ் கார்டு மெமரிய முழுங்கிடுதே, ஒம்போது வச்சா மெஷின் எப்டிடா மூச்சு வுடும்?"

"கொறச்சா மூஞ்சி ஒடஞ்சி கட்டம் கட்டமாத் தெரியும் மேடம்!" அன்புசெல்வன் பதறிவிட்டான். "போன மாசம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மாமா மூஞ்சி ஒடஞ்சிப் போச்சின்னு பேனரையே சுருட்டி எங்க ஓனர் தலையில போட்டுட்டுப் போனாங்க. மூஞ்சி ஒடையக் கூடாது. அதான் இந்த லைன்ல மொதல் ரூலு."

நாற்பது அடிப் பேனர் அடிக்கிறவனுக்கு எல்லாமே நாற்பது அடிதான். பதினேழு இஞ்ச் மானிட்டரில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியப்போகிற மூஞ்சியை, ஜி.என்.டி. ரோட்டில் லாரிக்காரன் அரை மைலில் இருந்து பார்க்கிற அளவுக்குத் தயாரித்து வைத்திருந்தான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவனுக்குத் தெரிந்த ஒரே தொழிலை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான்.

அண்ணனைத் திட்டுவதில் பிரயோஜனம் இருந்தது. திட்டினாள். டீக்கடையிலிருந்து மேலே வரவழைத்து, மெஷின் முன்னால் நிற்கவைத்து, அவன் வண்டவாளத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டித் திட்டினாள். விடிவெள்ளி தலை குனிந்து நின்றது.

"வாப்பா கிட்ட மட்டும் சொல்லிடாத நௌஷீன். ஒன் கால்ல உழறேன்."

"சொல்ல மாட்டேன். ஆனா சின்னதாக்கிடுவேன்."

அழித்திருக்கலாம். அழிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்பதையும் பஸ் அளவுக்குச் சுருக்கினாள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆறு மெஷினிலும் ஏற்றினாள். பஜார் தெருவில் முப்பத்தேழு, முப்பத்தெட்டு. மோசஸ் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராக ஓட்டி, தெருக்கோடி வரை போய், ஹாரன் அடித்துக் கொண்டாடினார்.

அப்ரார் மட்டும் திரைக்கு மூன்று விரற்கடை தூரத்தில் மூஞ்சியை வைத்துப் பார்த்தான்.

"இன்னா இது, சொறி புடிச்சவன் மாதிரி இருக்கேன்."

"பஸ்ல போறவனுக்கு அது போதும்."

அவன் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அதிசயமாக அப்ரார் எட்டு மணிக்கே கடைக்கு வந்தான். "நீ ஊட்டுக்குப் போயி நாஷ்டா துன்னுட்டு நிதானமா வா. நான் பாத்துக்கறேன்" என்றான். திருந்திவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, நெஞ்சு இளகி, ஒரு தோசை கூடவே சாப்பிட்டுவிட்டு வந்தாள் அந்தப் பைத்தியக்காரி. வந்து சேரும்போது பத்து மணி, கரண்ட் போயிருந்தது. அந்த வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் கட். கரண்ட் வந்ததும் ஜும்மாத் தொழுகைக்காகக் கடையைச் சாத்தினார்கள். ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

இரண்டு மணிக்கு வாப்பா படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, அத்தர் வாசம். கூடவே சுவரில் ஏதாவது படம் இருக்கிறதா என்று ஒரு நோட்டம். அவருக்கு மௌஸ் பிடிக்கத் தெரியாது என்பதால், ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த மோசஸை முதல் மெஷினில் உட்காரவைத்தாள். வாப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேறு இரண்டு வாடிக்கைக்காரர்களும் வந்து நின்றுகொண்டார்கள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் சாவி தன் கையில் என்று நௌஷீனுக்கு நிச்சயமாக இருந்தது.

பஸ் ஹைவேயில் சல்லென்று போனது. வாப்பாவுக்கே ரயில்வே கேட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம கேட்டு" என்றார்.

"பஜாருக்குள்ள நேராப் போங்கண்ணே" என்றாள் நௌஷீன்.

மோசஸ் திருப்பினார். பஸ் ஒரு குதி குதித்தது. நின்றது. இன்னொரு அடி நகர்ந்து மறுபடி நின்றது. மூலையில் எண் மூன்று. அதன்பின் இரண்டு. அதன்பின் ஒன்றும் நகரவில்லை. திரை முழுக்க, ஒரு மயிரிழை உடையாமல், ஒரு மூஞ்சி.

நௌஷீனுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. எட்டு மணி, நாஷ்டா, அன்புசெல்வன் எல்லாம். தன் மூஞ்சி மங்கலாகத் தெரிவதை ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ள முடியாமல், அன்புசெல்வனை வைத்து அத்தனையையும் பழையபடி ஏற்றியிருக்கிறான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துக்கத்தில் இல்லை, அவனை அறையமுடியவில்லையே என்கிற ஆத்திரத்தில்.

"நேத்து ஃபுல்லா இவதான் வாப்பா நோண்டிக்கினு இருந்தா" என்று அப்ரார் முந்திக்கொண்டான். "நல்லா இருந்ததக் கெடுத்துட்டா. அதான் இப்டி."

வாப்பா அவனைக் கவனிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதைப் பார்ப்பது? மெஷின் நின்றுவிட்டதால் அந்த மூஞ்சி போகவும் இல்லை. சாதாரணமாக ஓடியிருந்தால் ஒரு நொடியில் தாண்டிப் போயிருக்கும்.

"யார்ரா இவன்?" என்றார். "மூஞ்சில மாவு தடவின மாதிரி இருக்கான். எலெக்சன்ல நிக்கறானா?"

மோசஸ் தன் கைநகத்தைப் பரிசோதித்தார். அன்புசெல்வன் அந்த மூஞ்சியை எட்டு ஷேடு வெளுப்பாக்கி, கன்னத்தில் ரோஸ் பூசி, தலையில் முடி சேர்த்திருந்தான். பெற்ற தகப்பனுக்கே அடையாளம் தெரியாத அழகு.

"ஒன்னத்தான் கேக்கறேன் அப்ராரு. யாரு இது? இவன் எதுக்கு நம்ம வழிய மறிச்சிக்கினு நிக்கறான்?"

நௌஷீன் வாயைத் திறக்கவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

"நான்தான் வாப்பா" என்றான் கடைசியில்.

வாப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். அவன் தலைமேல் ஏற்றி வைத்திருந்த கூலிங் கிளாஸைக் காட்டி, "மாட்டு" என்றார். அவன் மாட்டினான். அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் இரண்டையும் ஒப்பிட்டார்.

"அப்பவும் தெரியல" என்றார்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள்.

அதற்குமேல் நௌஷீனால் பொறுக்க முடியவில்லை. கூட்டம் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் கொட்டிவிட்டாள். "நேத்து சாயங்காலம் ஆறு மெஷினும் பறந்திச்சி வாப்பா. மோசஸண்ணன் சாட்சி. நான் சரி பண்ணேன், இவன் காலைல வந்து கெடுத்துட்டான். மூணு வாரமா இவனால ஆளுங்க போய்க்கினே இருக்காங்க, கேட்டா ஒண்ணுமே பண்ணலன்றான். எனக்கு இந்தக் கட வேணும். சும்மா பாத்துக்கறதுக்கு இல்ல. எனக்கே வேணும்."

குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று நின்றாள்.

வாப்பா மோசஸைப் பார்த்தார். மோசஸ் தலையாட்டினார்.

"எவ்ளோ நேரம் புடிக்கும் சரி பண்ண?"

"அஞ்சு நிமிஷம்."

"அப்ராரு, ஒனக்கு?"

அப்ரார் கீபோர்டைப் பார்த்தான், அதில் பதில் எழுதியிருப்பது மாதிரி.

"படம் பாவம்னு நான் சொன்னது ஒன் மண்டைல ஏறல. சரி, அது ஒனக்கும் அல்லாவுக்கும். ஆறு மெஷின நிறுத்திட்டு, பழிய இவ தலைல கட்டுனியே, அது எனக்கும் ஒனக்கும்." வாப்பா எழுந்தார். "சாவிய அவகிட்ட குடு. நாளைலேர்ந்து நீ என்கூட இறால் ஏலத்துக்கு வா. விடியக்காலைல நாலு மணிக்குப் படகு வரும். அங்க கூலிங் கிளாஸ் போட்டாலும் எவனும் பாக்க மாட்டான்."

மோசஸின் தோளைத் தட்டிவிட்டு, அசர் தொழுகைக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போய்விட்டார். நின்றிருந்தவர்களும் அவரவர் மெஷினுக்குப் போனார்கள்.

அப்ரார் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். சண்டை போடுவான், கெஞ்சுவான், இன்னொரு பொய்யாவது சொல்வான் என்று அவள் தயாராக நின்றாள். எதுவும் இல்லை. அவள் இரண்டு வருஷமாகத் தூக்கத்தில்கூட நினைத்துக்கொண்டிருந்த சாவியை அவன் பழைய பஸ் டிக்கெட்டைப் போடுவது மாதிரி போட்டான். அது அவள் சந்தோஷத்தையே பாதியாக்கியது.

அவள் உட்கார்ந்து அந்த ஒன்பது படங்களையும் தேர்ந்தெடுத்தாள். இந்தமுறை சுருக்கப்போவதில்லை. அழித்துவிடலாமா என்று மெஷின் கேட்டது.

"நௌஷீன்." அவன் இன்னும் போகாமல் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினான். "அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு காப்பி போட்டுக் குடு. எங்கயும் மாட்ட மாட்டேன்."

புதன்கிழமையிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அத்தனையும் தொண்டைக்கு வந்தன. "எதுக்கு? ஒன் மூஞ்சிய நீயே வச்சிப் பாக்கறதுக்கா?"

"இல்ல" என்றான் அப்ரார். கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், அவளைப் பார்க்கவில்லை. "அதுலதான் நான் நல்லா இருக்கறேன்."